மூன்றாவது கேள்வியும் சவுக்கு மரமும்

என் தங்கை வனக்காவலர் தேர்வுக்கு விண்ணப்பம் போட்ட வாரத்தில் நான் ஊருக்கு வந்து சேர்ந்தேன். பெரிய காரணம் இல்லை. ஆந்திராப் பக்கம் போர்வெல் வண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி வண்டியை விற்றுவிட்டார். ஒரு பையும் நசுங்கிய கட்டைவிரலுமாக அன்னவாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். இப்படி வருவதும், சில மாதம் கழித்து ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் கிளம்பிவிடுவதும் எனக்குப் பழக்கம்.

தங்கை அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறாள். ஆதார் திருத்தம், பட்டா நகல், வருமானச் சான்றிதழ், அதிகமாகத் தேர்வு விண்ணப்பங்கள். சுற்றுவட்டாரப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவள்தான் போட்டோவை அளவாக வெட்டி, கையெழுத்தை ஏற்றி, விண்ணப்பம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். தனக்கென்று உட்கார்ந்து படிக்க அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை. அம்மா இல்லாத வீட்டில் அப்பா பக்கவாதத்தில் விழுந்து கிடந்த வருடங்களில் அவரைப் புரட்டிப் படுக்கவைத்ததும் கழுவிவிட்டதும் கஞ்சி ஊட்டியதும் அவள். நான் போனில் விசாரிப்பேன். அப்பா போய்ச் சேர்ந்தபின் அவள் நிமிர்ந்து பார்த்தபோது வயது வரம்பு வாசலில் வந்து நின்றது. இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவை அவளால் எழுத முடியாது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. விடிந்தும் விடியாமலும் எழுந்து, உடல்தகுதித் தேர்வுக்காக இலுப்பூர் ரோட்டில் விறுவிறுவென்று நடந்துவிட்டு வருவாள். அந்த நடையைப் பார்த்தாலே தெரியும்.

வரலாறும் கணக்கும் அவளுக்குப் பயமில்லை. பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தவள் என்பதால் அறிவியல்தான் இடித்தது. அதிலும் தாவரங்களை வகைப்படுத்தும் பாடத்தைத் திறந்தால் மூடிவிடுவாள்.

"பிரையோபைட்டு, டெரிடோபைட்டு, ஜிம்னோஸ்பெர்மு. மனுசப் பேரா இது? காலையில நட்டு வச்சா சாயங்காலம் பட்டுப்போகுது அண்ணே" என்றாள் ஒருநாள்.

"இதுவா? இது எனக்குத் தெரியுமே."

"ஒம்போதாங்கிளாஸ் பெயிலுக்கு எங்கிட்டு தெரியும்?"

"பெயில் இல்லத்தா. போகாம விட்டேன்."

"ரெண்டும் ஒன்னுதான். சொல்லு, கேப்போம்."

எனக்குத் தெரியும் என்று நான் சொன்னது வாய்ச்சவடால் இல்லை. சில வருடங்களுக்கு முன்பு கொடைக்கானல், வால்பாறை மலைகளில் செடிகொடிகளைப் பதிவு செய்ய வந்த கல்லூரிக்காரர்களுக்கு மூட்டை சுமந்தேன். செடியைப் பறித்துப் பழைய செய்தித்தாளுக்குள் வைத்து, மேலும் கீழும் பலகை கொடுத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அந்தக் கட்டுகள் என் தலையில். அட்டைப்பூச்சி கடிக்கும், மழை விடாது, சோறு ஆறியே கிடைக்கும். மற்றபடி குறையில்லை. கூட வந்த பேராசிரியர் பேசிக்கொண்டே நடப்பார். உலகத்தில் தரைமேல் இருக்கிற செடி எதுவானாலும் மூன்று கேள்வி கேட்டால் அதன் கூட்டம் தெரிந்துவிடும் என்பார். உடம்புக்குள் தண்ணீர் ஏறக் குழாய் இருக்கிறதா? விதை உண்டா? அந்த விதைக்கு மேல் மூடி உண்டா?

முதல் கேள்விக்கே இல்லை என்றால் அது ஈரச் சுவரில் பச்சையாகப் படரும் மாஸ் மாதிரியான சின்னச் செடிகள். குழாய் இருந்து விதை இல்லையென்றால் பெரணிக் கூட்டம். அது தூள் போன்ற ஸ்போரால் பரவும். விதை இருந்து அதற்கு மூடி இல்லையென்றால் பைன், சைகஸ். மூடி இருந்தால், அதாவது பூவும் காயும் இருந்தால், மற்ற எல்லாம்: புல்லிலிருந்து புளியமரம்வரை. பாறையில் வெயிலுக்குச் சுருண்டு மழைக்கு விரியும் ஒரு செடியைக் காட்டி, இதைப் பெரணியோடு வைத்தே படிக்கிறோம், ஆனால் இது அதைவிடப் பழைய தனிக் கூட்டம் என்று இப்போது பிரித்துவிட்டார்கள் என்றும் சொன்னார். நான் சுமையோடு பின்னால் நடந்தபடி கேட்டேன். மறக்கவில்லை.

தங்கையிடம் மூன்று கேள்வியையும் சொன்னேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டு, "இம்புட்டுத்தானா?" என்றாள். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசி மழை பெய்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை அப்பாவின் பழைய பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். முதல் வாரம் தூரமாகப் போகவில்லை. குளியலறைத் தண்ணீர் போகும் சுவரில் பச்சை வெல்வெட்டாகப் படர்ந்திருந்த மாஸைச் சுரண்டி அவள் உள்ளங்கையில் வைத்தேன். மேலே மயிரிழை மாதிரிக் காம்பும் நுனியில் குண்டூசித் தலையும். "அந்தத் தலைக்குள்ளதான் தூள். வேரு இருக்கா பாரு" என்றேன். அவள் நகத்தால் கிளறிப் பார்த்து, "வேரு மாதிரி நூலு இருக்கு, வேரு இல்ல" என்றாள். சரியான விடை.

அடுத்து குன்றாண்டார்கோவில் பாறை. மழைநீர் கசிந்து வழியும் பொந்தில் ஈரலைத் தட்டி ஒட்டவைத்தது மாதிரித் தட்டையான ஒரு செடி. அதுவும் முதல் கூட்டம்தான். போகும் வழியில் ஒரு தோட்டக் கிணற்றின் உட்சுவரில் பெரணி தொங்கியது. ஓர் ஓலையைப் பறித்து முதுகைத் திருப்பி, ஓரத்தில் வரிசையாக இருந்த பழுப்புத் தூள்பைகளைக் காட்டினேன். தோட்டக்காரர் மோட்டார் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, மருந்துக்கா?"

"பரீட்சைக்குங்க" என்றாள் தங்கை.

"கெணத்துல எறங்கியா பரீட்சை எழுதுறீக?"

அவள் சிரித்தாள். திரும்பும்போது வரப்பில் ஆரைக்கீரை மண்டிக் கிடந்தது. நாலு இலை ஒரு காம்பில் நிற்கும், எங்கள் பக்கம் பருப்புப் போட்டுக் கடைவார்கள். இதுவும் பெரணிக் கூட்டம் என்றேன். அவள் நம்பவில்லை. "கீரைய ஏன்ணே அங்கிட்டுச் சேக்கிற?" என்றாள். பூ எங்கே, காய் எங்கே என்று கேட்டேன். அடியில் மொச்சை மாதிரி இருந்த சின்ன உருண்டைகளை அவளே கண்டுபிடித்தாள். வீட்டுக்கு வந்து புத்தகத்தில் பார்த்தாள். மார்சீலியா என்று போட்டிருந்தது. அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மரியாதை இருந்தது. நான் வளர்ந்தபின் அவளிடமிருந்து அது வந்த முதல் தடவை.

மூன்றாவது கூட்டம், மூடாத விதை, அவள் புத்தகத்தில் ஜிம்னோஸ்பெர்ம். அன்னவாசலில் ஒரு கல்யாண மண்டப வாசலில் இரண்டு பெரிய தொட்டிகளில் சைகஸ் நிற்கிறது. தென்னங்கன்று மாதிரி இருக்கும், ஆனால் ஓலை விறைப்பு. அதைக் காட்டினேன். அவள் தொட்டுப் பார்த்து, "சரி, இது போதும்" என்றாள்.

அவள் போதும் என்றாள். அத்தோடு நான் விட்டிருக்கலாம்.

தொட்டிச் செடி எனக்குப் பத்தவில்லை. நர்சரியில் விலைக்கு வாங்கி வைத்தது ஒரு செடியா என்று தோன்றியது. கொடைக்கானலில் பைன் காட்டுக்குள் படுத்திருக்கிறேன். ஊசி இலை, கட்டைக் காய், காய் விரிந்து விழும் இறகு வைத்த விதை. அதை மாதிரி ஒன்றை மண்ணில் வேர்விட்டு நிற்கும்போது அவளுக்குக் காட்டவேண்டும். நம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். யோசித்த வேகத்திலேயே விடை வந்துவிட்டது. அம்மா பிறந்தது மணமேல்குடிப் பக்கம். கடற்கரை நெடுகச் சவுக்குத் தோப்பு. ஊசி இலை, கட்டைக் காய், இறகு வைத்த விதை. மூன்றும் பொருந்தியது.

புதுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகப் போனோம். தோப்புக்குள் காற்று இரைந்துகொண்டே இருந்தது. கீழே காய்கள் கொட்டிக் கிடந்தன. ஒன்றை எடுத்து அவள் கையில் தட்டினேன். சின்னச் சின்ன வாய்களாகப் பிளந்திருந்த காயிலிருந்து இறகு வைத்த துணுக்குகள் விழுந்தன.

"பாத்தியா? மூடி இல்ல. வாயத் தொறந்து வெளிய தள்ளிருச்சு."

"அப்ப இது பைன் கூட்டம்."

"பைன் கூட்டம்."

அவள் கீழே கிடந்த ஊசி ஒன்றை எடுத்தாள். அதைக் கணுவில் கழற்றி, மறுபடி பொருத்தி, என்னிடம் நீட்டினாள். "எங்க முறிச்சேன், சொல்லு."

சின்ன வயதில் லீவுக்கு வரும்போது நாங்கள் விளையாடியது. கழற்றிய இடம் தெரியாதபடி சொருகிக் கொடுக்கவேண்டும். எதிராளி எந்தக் கணு என்று கண்டுபிடிக்கவேண்டும். நான் தப்பாகச் சொன்னேன். அவள் என் தலையில் குட்டினாள். பைன் ஊசியில் கணு கிடையாது. நான் எத்தனையோ இரவு அதன்மேல் படுத்தவன். அந்தக் கணுவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு உறைக்கவில்லை.

ஒரு காயை அவள் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து டிவி மேல் வைத்தாள்.

தேர்வு அன்று நான்தான் அவளைப் புதுக்கோட்டையில் கொண்டுபோய் விட்டேன். வாசலிலேயே நின்றேன். கூட்டத்தோடு வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தி ஆட்டினாள்.

"அண்ணே, ஒன் பாடம் வந்துச்சு. ஆரைக்கீரை வந்துச்சு. அப்பறம் இதுல எது ஜிம்னோஸ்பெர்ம் இல்லைன்னு ஒன்னு. சைகஸ், பைன், சவுக்கு, நீட்டம். பக்கத்துல ஒக்காந்த புள்ள முழிக்குது. நான் கண்ண மூடிக்கிட்டு நீட்டம்னு அடிச்சேன்."

"நீட்டம்னா என்ன?"

"யாருக்குத் தெரியும். மத்த மூணுந்தான் தெரியுமே."

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கூட்டிப்போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அவள் மூன்றாவது பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, வேலை கிடைத்தால் எந்தச் சரகத்தில் போடுவார்கள் என்று பேசினாள். யூனிபார்ம் தைக்க அன்னவாசலில் யாரிடம் கொடுப்பது என்றும். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஓர் ஆளுக்கு என்னால் ஒரு நல்லது நடந்தது என்று நினைத்துக்கொண்டேன். 

விடைக்குறிப்பு வெளியான நாளில் கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டம். எல்லோருக்கும் அவளே இறக்கிக் கொடுத்து, எல்லோருடைய விடையையும் சரிபார்த்துவிட்டு, கடைசியில் தன்னுடையதைப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். தண்ணீர் குடித்தாள். சொம்பைக் கையில் வைத்தபடியே கேட்டாள்.

"அண்ணே, சவுக்கு பூக்குமா?"

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபிறகும் நான் செய்த காரியம்தான் இன்னும் கேவலம். விடைக்குறிப்பு தப்பு என்றேன். ஆட்சேபம் தெரிவிக்கலாம் அல்லவா, தெரிவி என்றேன். நான் காட்டில் பார்த்தவன், உட்கார்ந்த இடத்தில் கேள்வி தயாரிப்பவனுக்கு என்ன தெரியும் என்று குரலை உயர்த்தினேன். பக்கத்து வீட்டுச் சித்தி என்ன சத்தம் என்று வந்து நின்றுவிட்டார்.

தங்கை டிவி மேலிருந்த காயை எடுத்தாள். வீட்டுச் சூட்டில் அது நன்றாக வாய் பிளந்து, டிவி மேலெல்லாம் துணுக்குகளைச் சிந்தியிருந்தது. ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து, பிளேடால் நீளவாக்கில் கீறி, ஊசியால் பிரித்தாள். மேல் தோல் தனியாக வந்தது. அதன் இறகும் தோலோடு வந்தது. உள்ளே, அதைவிடச் சின்னதாக, விதை இருந்தது.

நான் விதை என்று அவள் கையில் தட்டிய துணுக்கு விதையே இல்லை. அதுவே ஒரு காய். மூடி அதன் உடம்போடு ஒட்டியிருந்தது. கட்டையாகத் தெரிந்தது அந்தக் காய்களின் கூட்டம். ஊசி இலையும் இலை இல்லை, கணு வைத்த பச்சைக் குச்சி. இலை என்பது ஒவ்வொரு கணுவிலும் பல் பல்லாக ஒட்டிக்கொண்டிருக்கும் செதில் என்று அவள் போனில் தேடிப் படித்தாள். பூவும் உண்டாம். கிளையில் சிவப்புக் குஞ்சம் மாதிரி. சின்ன வயதில் அதைப் பிய்த்து மூக்குத்தி என்று அவள் ஒட்டிக்கொண்டதுகூட எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

"மூணாவது கேள்விய நாம கேக்கவே இல்லண்ணே" என்றாள். "பாத்த ஒடனே முடிவு பண்ணிட்டோம்."

நாம் என்றாள். முடிவு பண்ணியது நான். அவள் அந்த மண்டப வாசலிலேயே போதும் என்றவள்.

சித்தி விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஊரெல்லாம் சுத்தி அண்ணன்காரன் அள்ளிட்டு வந்த படிப்பு இதுதானாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைவிடக் கூட அவர் சொல்லியிருக்கலாம்.

பட்டியல் வந்தபோது அவளுடைய எண் அதில் இல்லை. கிட்டத்தில் வந்து நின்றுவிட்டது. அந்த ஒரு கேள்வியால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. கணக்கிலும் சிலது போயிருந்தது, நடப்புச் செய்திகளிலும் போயிருந்தது. அவள் அதையெல்லாம் விரல்விட்டு எனக்கு எடுத்துச் சொன்னாள். சொல்லச் சொல்ல எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. மற்றவை அவளுக்குத் தெரியாமல் போனவை. இது ஒன்றுதான் சந்தேகமே இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, என்னை நம்பி எழுதியது.

அதற்குப் பிறகு நான் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை. பெருங்குடியில் ஒரு செங்கல் சூளையில் லோடு ஏற்றும் வேலை கிடைத்தது. காலையில் குழாயடியில் தண்ணீர் பிடித்து வைப்பேன், அரிசி களைவேன், அவளை சென்டரில் விட்டுவிட்டுப் போவேன். மழையில் ஒழுகிய கூரையைப் பிரித்து மேய்ந்தேன். சாயங்காலம் அவள் வரும்போது வாசல் கூட்டியிருக்கும். சில மாதம் இப்படிப் போனது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் தட்டை நகர்த்திவைத்தாள்.

"எதுக்குண்ணே இங்கிட்டே கெடக்குற?"

"சும்மாதான்."

"ஒனக்கு இருப்புக்கொள்ளாதுன்னு எனக்குத் தெரியாதா? நீ வாசக் கூட்டக் கூட்ட எனக்கு அந்தப் பரீட்சைதான் ஞாபகம் வருது. அப்பா படுத்திருந்தப்ப நீ கூட்டியிருந்தா நான் சந்தோசப்பட்டிருப்பேன். இப்ப எனக்காகன்னா வேணாம். போறதுன்னா போ."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் என்னால் எழுந்து போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. பாத்திரத்தைக் கழுவி வைத்தேன். பிறகு அதுவும் அவளுக்குப் பரீட்சையை ஞாபகப்படுத்துமோ என்று தோன்றியது.

இந்த வருடம் மறுபடி ஓர் அறிவிப்பு வந்தது. சென்டரில் விண்ணப்பம் போட வந்த இரண்டு பெண்கள், பிளஸ் டூவில் அவளைப் போலவே காமர்ஸ் படித்தவர்கள், தாவரப் பாடம் மண்டையில் ஏறவில்லை என்று அவளிடம் புலம்பியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க என்று சொல்லிவிட்டாள். அந்த ஞாயிறு காலையில் நான் மாற்றுச் சட்டை இரண்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். கர்நாடகாவில் ஒரு காபித் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அவள் முதலில் அவர்களைக் குளியலறைச் சுவருக்குக் கூட்டிப்போனாள். உள்ளங்கையில் மாஸ். நான் காட்டிய அதே வரிசை, நான் சொன்ன அதே மூன்று கேள்வி. கிணற்றுப் பெரணியை முன்பே பறித்து வைத்திருந்தாள். ஆரைக்கீரையைக் காட்டியபோது அந்தப் பெண்களும் நம்பவில்லை. அவள் அவர்களைச் சிரிக்கவைத்தாள். அவள் சொல்லிக் கொடுக்கும் விதம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அவசரப்படவில்லை.

பிறகு ஒரு சவுக்குக் கிளையை எடுத்தாள். யாரிடமோ சொல்லிவைத்து வரவழைத்திருக்கிறாள். காயோடு இருந்தது.

"இது எந்தக் கூட்டம்?"

"பைன் மாதிரி இருக்குக்கா" என்றாள் ஒருத்தி. "ஜிம்னோஸ்பெர்மு."

"அப்படித்தான் எங்க அண்ணனும் சொன்னுச்சு" என்று தங்கை பையோடு நின்ற என்னைக் கையால் காட்டினாள். "இந்தா நிக்கிறாரே, இவருதான். மணமேல்குடிவரைக்கும் வண்டியில கூட்டிப்போயி, கையில தட்டிக் காட்டுனாரு. நானும் அப்படியே எழுதிட்டு வந்தேன். தப்பு. ஒங்களுக்கு இனிமே இது மறக்காது. பரீட்சையில சவுக்குன்னு பாத்தா இவரு மூஞ்சிய நெனச்சுக்கங்க."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பையைக் கீழே வைத்தேன். சின்னவள் கொஞ்சம் விவரமில்லாதவள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள்.

"அப்ப, இவராலதான் ஒங்களுக்கு வேலை போச்சாக்கா?"

தங்கை கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இல்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். ஆமாம் என்றாலும் தாங்கியிருப்பேன்.  "அந்தப் பிளேட எடுத்துக் குடு அண்ணே" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். அவள் துணுக்கைத் தாளில் வைத்துக் கீறினாள். அவர்கள் இருவரும் தலையைக் குனிந்தார்கள். நானும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். மேல்தோல் விலகியது. விதை உள்ளே இருந்தது.